நொடிக்கு நூற்றிருபது

மூன்று பேர் மூன்று கேமராவில் ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்தால் மூன்று கல்யாணம் நடந்ததாக அர்த்தம் என்பது சிங்-யியின் கட்சி. ஒவ்வொருத்தர் கேமராவிலும் காலம் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். அவற்றையெல்லாம் வெட்டி ஒட்டி, ஒரே கல்யாணம்தான் நடந்தது என்று ஊரை நம்பவைப்பது அவள் பிழைப்பு. அதுவும் அன்றைக்கே செய்தாக வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பெண் அழுததை மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு விருந்து மண்டபத்தில் நாற்பது மேஜை ஜனமும் பெரிய திரையில் பார்த்து இன்னொரு தடவை அழ வேண்டும். அதற்குள் சூப் ஆறிவிடக் கூடாது. பதினோரு வருஷமாக அவள் கல்யாணச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டதே இல்லை.

அன்று விடிகாலை லுகாங் ஊருக்குள் வண்டி நுழையும்போதே முதலாளி தாங் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எல்லாரும் நொடிக்கு இருபத்துநாலு படம்தான். கூடவும் வேணாம், குறையவும் வேணாம். சிங்-யி கிட்ட மறுபடி திட்டு வாங்க என் உடம்புல தெம்பு இல்ல."

"சரிண்ணே," என்றான் குவெய்.

குவெய்யின் 'சரிண்ணே'வை நம்பி உருப்பட்டவர் ஒருவரும் இல்லை. அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. முன்பு பாட்மின்டன் போட்டிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன். பறக்கிற எதையும் சாதாரண வேகத்தில் எடுப்பது பாவம் என்பது அவன் மதம். பந்து பறந்தாலும் சரி, பூச்செண்டு பறந்தாலும் சரி, கை தானாகப் போய் நொடிக்கு நூற்றிருபது படம் என்று திருப்பிவிடும். அப்படி எடுத்ததை வரிசையாக ஓட்டினால் ஐந்து மடங்கு மெதுவாக நகரும். பார்க்க அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வேகத்தில் எடுக்கும்போது அவன் கேமராவில் சத்தம் பதிவாகாது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாத்தா பேசிய வாழ்த்துரை முழுவதும் மீன் வாய் திறப்பது போல வந்து சேர்ந்தது. சிங்-யி மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

பத்து மணிக்கு அவள் விருந்து மண்டபத்தின் மணமகள் அறையில், துணி தொங்கும் கம்பிக்குப் பின்னால் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தாள். குவெய்யின் பதிவைத் திறந்தாள். திறந்ததும் பல்லைக் கடித்தாள்.

"குவெய் அண்ணே, இது என்ன?"

"எது?"

"விசிறி போடறதும் தண்ணி ஊத்தறதும். நூத்தி இருபதுல இருக்கு. முதலாளி காலையில தமிழ்ப் பாட்டா பாடினாரு?"

இல்லை, அப்படி அவள் சொல்லவில்லை. அவள் சொன்னது ஹொக்கியன் மொழியில் அதைவிடக் காரமாக இருந்தது, அச்சில் போட முடியாது. குவெய் தலையைச் சொறிந்தான்.

"விசிறி பறக்குதே, சிங்-யி. பறக்கறதை எப்படி இருபத்துநாலுல எடுக்கறது? மனசாட்சி இல்ல?"

"மனசாட்சியை வீட்டுல வெச்சுட்டு வாங்க. சத்தத்தைக் கொண்டு வாங்க."

இதோடு போகவில்லை. பெண்ணின் தாய்மாமன் தன் போனில் எடுத்த இருபது நிமிஷ வீடியோவையும், "என் பங்கும் இருக்கட்டும்," என்று கொண்டுவந்து திணித்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் போனுக்கு வேகம் என்று ஒன்று கிடையாது. வெளிச்சத்தில் முப்பது, நிழலில் இருபத்தேழு, மாமா நடந்தால் ஒன்று, நின்றால் ஒன்று. சத்தம் முன்னால் போக, வாய் பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தது. பாதிப் படத்தில் மாமாவின் விரல்தான் கதாநாயகன்.

பெண்ணின் பெயர் பெய்-லிங். அவள் அப்பா ஷீ ஜின்-லாய், லுகாங் கடைத்தெருவில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அதிலும் பாதி "ஆயில் மாத்தணும்". பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்தார்கள். வந்தவர்கள் உடனே இறங்கவில்லை. நல்ல நேரத்துக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது என்று சம்பந்தியம்மா ஆறு கார்களையும் கோயிலை இரண்டு தடவை சுற்றவைத்தாள். அவள் ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத் துணைத் தலைமையாசிரியை. சடங்குகளை ஒரு தாளில் எண் போட்டு எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பேனாவால் டிக் அடித்தாள். பெண் தலைக்கு மேல் பிடித்த முறம் ஒரு பக்கம் சாய்ந்தது என்று அதை மட்டும் இன்னொரு தடவை செய்யச் சொன்னாள்.

கடைசியில் பெண் காரில் ஏறி, கார் நகர்ந்ததும் ஜன்னல் வழியாக விசிறியை வெளியே போட வேண்டும். பிறந்த வீட்டுக் கோபதாபமெல்லாம் விசிறியோடு விழுந்துவிடும். அடுத்த நொடி, அப்பா ஒரு பேசின் தண்ணீரைக் காருக்குப் பின்னால் வீசி ஊற்ற வேண்டும். கொட்டின தண்ணீர் திரும்பாது. அதுபோலப் பெண்ணும் வாழாவெட்டியாகத் திரும்பி வரக் கூடாது. பெண் திரும்பிப் பார்க்கவும் கூடாது. எல்லாம் நடந்தது. பட்டாசுப் புகையில் பாதித் தெரு மறைந்திருந்தது. விடிகாலைத் தூறலில் ரோடு வேறு ஈரம். குவெய் காருக்குப் பின்னால் நின்று, விசிறியிலிருந்து தண்ணீர் வரைக்கும் பொத்தானை விடாமல் ஒரே பதிவாக எடுத்துத் தள்ளியிருந்தான்.

பத்தரைக்குப் பெய்-லிங்கின் அம்மா அறைக்குள் வந்தாள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரர் தண்ணி ஊத்தினது வந்திருக்கா? அதை நல்லா மெதுவாப் போடு. சம்பந்தி வீட்டுக்காரங்க கண்ணாரப் பாக்கட்டும். எங்க பக்கத்துல ஒரு குறையும் வைக்கலன்னு தெரியணும்."

"போட்டுடறேம்மா."

அவள் போன ஐந்தாவது நிமிஷம் பெய்-லிங்கே வந்தாள். வெள்ளை உடுப்பைக் கழற்றி, தலையில் பதினாறு கிளிப்போடு நின்றாள். பின்னாலேயே ஒப்பனைக்காரப் பெண் துரத்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அந்தத் தண்ணி ஊத்தறதை எடுத்துடுங்க."

"ஏன்?"

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க. நான் பாக்கல. கார்க் கண்ணாடியில பாத்தேன்." அவள் குரல் இறங்கியது. "கடை வாசல் கழுவி விடற மாதிரி வீசிட்டாருக்கா. ஒரு நொடி நிக்கல. நான் கும்பிட்டப்பவும் ஒரு வார்த்தை பேசல. சரி, அவர் சுபாவம்னு விட்டேன். ஆனா அந்த வீச்சு இருக்கே, அது என்னமோ தொல்லை விட்டுதுன்னு வீசின மாதிரி இருந்துது. அதை எல்லாரும் பாக்கறப்ப இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

"அழாதீங்க, அழாதீங்க, கண் மை ஓடுது," என்று ஒப்பனைக்காரி அவள் தாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அம்மா போடு என்கிறாள், பெண் போடாதே என்கிறாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இதில் மூன்றாவது பக்கமாகச் சம்பந்தியம்மாவின் டிக் அடித்த தாள் வேறு. சடங்கில் ஒன்று குறைந்தால் அவள் மண்டபத்தையே நிறுத்திவிடுவாள். பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று சிங்-யி அந்தத் துண்டை எடுத்து, பெண்ணின் அம்மா கேட்டபடியே ஐந்து மடங்கு மெதுவாக ஓட்டினாள்.

ஜின்-லாய் சிவப்புப் பேசினை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். இடுப்பை வளைத்தார். கைகள் மெதுவாக, மெதுவாக முன்னால் வந்தன. பேசின் கவிழ்ந்தது. அதன் வாய் காரைப் பார்த்துத் திறந்தது.

ஒன்றும் வரவில்லை.

சிங்-யி பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினாள். படம் படமாக நகர்த்தினாள். நூற்றிருபது படத்தில் ஒரு படத்திலாவது ஒரு சொட்டு? ஊஹும். பேசினின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர்தான் இல்லை.

முதலாளி முன்பக்கமிருந்து இருபத்துநாலில் எடுத்ததைப் பார்த்தாள். அதில் கை ஒரு தீற்றலாக இழுபட்டது. புகையும் ஈர ரோடும் சேர்ந்து, தண்ணீர் ஊற்றியாயிற்று என்றே கண் நம்பியது. பேசினை வீசினால் தண்ணீர் இருந்திருக்கும் என்று மனசே ஊற்றிக்கொள்கிறது, பாவம். வேறு வழியில்லாமல் மாமாவின் போன் வீடியோவுக்குப் போனாள். மாமாவின் விரலுக்கும் ஒரு பெரியம்மாவின் தொப்பிக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில், கார் கிளம்புவதற்கு ஒரு நிமிஷம் முன்னால், ஜின்-லாய் இடதும் வலதும் பார்த்துவிட்டு, கடை வாசலில் இருந்த குட்டி ஆரஞ்சுத் தொட்டிச்செடியில் பேசின் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக்கொண்டிருந்தார். திருடன்கூட அவ்வளவு பதற்றமாகத் திருடமாட்டான். ஊற்றி முடித்து, காலிப் பேசினை நிறைகுடம் மாதிரி ஜாக்கிரதையாக ஏந்தி, தளும்பாமல் நடந்து தன் இடத்துக்கு வந்து நின்றார்.

சிங்-யிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாண வீட்டில் அழுகிற வேலை தன்னுடையது இல்லை என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

யாரோ கனைத்தார்கள். நிமிர்ந்தாள். கதவருகில் ஜின்-லாய் நின்றுகொண்டிருந்தார். புதுக் கோட்டில் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார்.

"சாப்டியாம்மா?"

"முடிச்சிட்டுச் சாப்பிடறேன், ஐயா."

அவர் போகவில்லை. துணிக் கம்பியில் தொங்கிய ஹேங்கரை ஆட்டிப் பார்த்தார். ஆணி இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிப்பது போல.

"காருக்குப் பின்னால ஒருத்தர் நின்னாரே. அவர் கேமரா மெதுவாக் காட்டுமாமே."

"காட்டும்."

"எவ்வளவு மெதுவா?"

"அஞ்சு மடங்கு."

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே சுற்று எத்தனை என்று சொல்கிற ஆள். கணக்கு சீக்கிரம் வந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"தண்ணி தெரியுமா?"

"தெரியும், ஐயா," என்றாள் சிங்-யி. பிறகு மெதுவாகச் சொன்னாள். "இருந்தாத் தெரியும்."

ஜின்-லாய் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் பெண்ணின் முக்காடு இருந்தது. எழுந்து, முக்காட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"எம் பொண்டாட்டி விளிம்பு வரைக்கும் ஊத்திக் குடுத்தா," என்றார். "வாசல் வரைக்கும் கொண்டுபோனேன். அதுக்கு மேல முடியல."

"பெய்-லிங் கிட்டச் சொல்லிடுங்களேன். நீங்க தொல்லை விட்டுதுன்னு வீசினதா நெனச்சு மனசொடிஞ்சு போயிருக்காங்க."

அவர் முக்காட்டின் ஓரத்தைத் தடவினார். "அவ வருத்தம் நாலு நாள்ல ஆறிடும். சம்பந்தியம்மாவுக்குத் தெரிஞ்சா ஆறாது. அந்த வீட்டுல நாளைக்குச் சோறு கருகினாலும், தட்டு உடைஞ்சாலும், அந்தப் பையனுக்குச் சளி புடிச்சாலும், 'உங்கப்பா அன்னிக்கே தண்ணி ஊத்தல'ன்னு வரும். நான் செஞ்ச கோளாறுக்கு எம் பொண்ணு வருஷக்கணக்குல பேச்சு வாங்கணும். பெய்-லிங்குக்குச் சொன்னா அவ முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கும். காட்டிடாதம்மா. யாருக்கும் காட்டிடாத."

அன்றைக்கான வார்த்தைகளோடு அடுத்த வாரத்துக்கானதையும் சேர்த்துச் செலவழித்துவிட்டு அவர் மூச்சு வாங்கினார். சிங்-யிக்கு வேறு என்ன சொல்லத் தோன்றும்?

"காட்ட மாட்டேன், ஐயா. சத்தியமா."

அவர் போனதும் அவள் வேலையில் இறங்கினாள். குவெய்யின் பதிவில் ஐந்து படத்துக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நாலையும் விழுங்கச் சொன்னால் சாதாரண வேகம் வந்துவிடும். அப்படியே செய்தாள். அந்த வேகத்தில், விருட்டென்று ஒரு வீச்சு. யாருக்கும் சந்தேகம் வராது. கை ஓங்கும் இடத்தில் தொடங்கி மூன்று நொடி. வீசிவிட்டு, காலிப் பேசினோடு ஜின்-லாய் கார் போன திசையையே பார்த்து நிற்பதையும் அதில் விட்டுவைத்தாள். முதலாளி எடுத்ததில் அது இல்லை. பெய்-லிங் அதையாவது பார்க்கட்டும். பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டாளே என்றால், கேமராவில் கோளாறு என்று குவெய் தலையில் கட்டிவிடலாம். அவன் தலை இந்த மாதிரிக் காரியத்துக்குத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு இருபத்தைந்து. மண்டபத்தில் முதல் தட்டு போய்விட்டது. படம் நாலு நிமிஷம், தைத்து முடித்தாகிவிட்டது. அப்பாடா என்று அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபோது சம்பந்தியம்மா கையில் தாளோடு உள்ளே வந்தாள்.

"திரையில போடறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துடறேன்."

சிங்-யி ஓட்டிக் காட்டினாள். சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி பார்த்தாள். முறம், சரி. கும்பிட்டது, சரி. விசிறி. தண்ணீர்.

"நல்லா ஊத்தியிருக்காரு," என்றாள். "தயங்காம."

"ஆமாம்மா," என்று சிங்-யி பாட்டில் மூடியை இறுக்கினாள்.

"ஆனா விசிறி என்ன இப்படிப் போயிடுது? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள காணோம். எங்க பக்கத்துப் பெரியவங்கெல்லாம் வயசானவங்க, அவங்க கண்ணுக்குத் தெரிய வேணாமா? அதை மெதுவாக் காட்டுங்க."

"நேரம் இல்லையேம்மா. பன்னிரண்டு நாப்பதுக்கு..."

"நான் நிக்கறேன். செய்யுங்க."

அவள் நின்றாள். பின்னால் நிற்கிற டீச்சரின் மூச்சு கழுத்தில் பட்டால் முப்பத்தொரு வயதிலும் சீக்கிரம் விடைத்தாளை நீட்டிவிடத்தான் தோன்றுகிறது. மெதுவாக்க இரண்டு வழி உண்டு. அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து அதன் வேகத்தைக் குறைக்கலாம். அது முறை, நாலு சொடுக்கு. இல்லையென்றால், "இந்தப் பதிவே நொடிக்கு இருபத்துநாலு படம்தான்," என்று கம்ப்யூட்டரிடம் ஒரு பொய் சொல்லிவிடலாம். ஒரே சொடுக்கு, விசிறி வெண்ணெயில் நழுவுவது போல வரும். சிங்-யி பொய் சொன்னாள். விசிறி மிதந்தது. சம்பந்தியம்மா, "ம்," என்றாள், தாளில் டிக் அடித்தாள், போனாள். மணி பன்னிரண்டு முப்பத்தொன்று. படத்தைக் கோப்பாக்க ஆறு நிமிஷம். அதை முழுவதும் ஓட்டிப் பார்க்க நாலு நிமிஷம் வேண்டும், அது இல்லை. பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

விளக்கு அணைந்தது. மேடைப் பக்கம், ஒயர்களுக்கு நடுவில் சிங்-யி குந்திக்கொண்டாள். படம் ஓடத் தொடங்கியது. கார்கள் கோயிலைச் சுற்றியதற்குச் சிரித்தார்கள். பெண் கும்பிட்டதற்கு மூக்கை உறிஞ்சினார்கள். விசிறி மிதந்து இறங்கியது. நாற்பது மேஜையும், "ஆகா," என்றன. குவெய் நெஞ்சை நிமிர்த்தினான்.

அடுத்து ஜின்-லாய் திரைக்கு வந்தார். கைகள் மெதுவாக, மெதுவாக முன்னால் வந்தன.

சிங்-யிக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்தது. விசிறியும் தண்ணீரும் ஒரே பதிவு. பொய் சொன்னது பதிவைப் பற்றி, துண்டைப் பற்றி அல்ல. ஒன்றைப் பற்றிச் சொன்ன பொய் இரண்டுக்கும் சேர்ந்துவிட்டது. துண்டின் நீளம் அதே மூன்று நொடி என்பதால் மேலே பார்க்க ஒன்றும் மாறியதாகத் தெரியவில்லை. உள்ளே இருந்த மனிதர்தான் ஐந்து மடங்கு மெதுவாகிவிட்டார். ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கலாமா என்று பார்த்தாள். எது எந்த ஒயர் என்று குவெய்க்குத்தான் தெரியும். அவன் வாயைப் பிளந்துகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வீட்டின் அகலம் இருந்த திரையில் சிவப்புப் பேசின் கவிழ்ந்தது. அதன் வாய் மண்டபத்தைப் பார்த்துத் திறந்தது. மூன்று நொடி. மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று சிங்-யிக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

"தண்ணி எங்கப்பா?" என்றது பதினேழாம் மேஜையில் ஒரு குரல்.

சில பேர் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்கள் திரும்பிச் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள், சிரிப்பு நின்றது. படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கினான், மோதிரம் போட்டான், ஒருத்தரும் பார்க்கவில்லை. விளக்கு வந்தது. சம்பந்தியம்மா எழுந்தாள். நேராகப் பெண் வீட்டு மேஜைக்கு நடந்தாள். சிங்-யியும் கால் தடுக்கத் தடுக்கப் பின்னாலேயே ஓடினாள். தப்பு தன்னுடையது என்று சொல்லிவிடலாம், கேமராக் கோளாறு என்று சொல்லலாம், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்குள் சம்பந்தியம்மா மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"சம்பந்தி," என்றாள் சம்பந்தியம்மா. "பேசின்ல தண்ணி இல்ல."

ஜின்-லாய் முன்னால் இருந்த இறால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, வெடித்துவிடுகிற முகத்தோடு அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு," என்றார் அவர். "நான் ஊத்தல."

"மறந்துட்டீங்களா?"

அவள் இறங்கி வந்து கொடுத்த வழி அது. ஆமாம் என்றால் முடிந்தது. சிங்-யி மனசுக்குள் ஆமாம் சொல்லுங்கய்யா, ஆமாம் சொல்லுங்கய்யா என்று கெஞ்சினாள்.

"இல்ல," என்றார் ஜின்-லாய். எழுந்து நின்றார். "ஊத்தினா திரும்பாதுங்கறாங்க. எனக்கு அவ திரும்பி வரணும். வந்து உக்காரணும், சாப்பிடணும், போகணும். தப்புதான். எம் பொண்ணுக்கு இது தெரியாது. பேசறதுன்னா என்னைப் பேசுங்க. அவளைப் பேசாதீங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. டீ கெட்டில் இருக்கு, வாசலுக்குப் போய் ஒரு வாய் ஊத்திட்டு வந்துடுங்க. முடிஞ்சுபோகும்."

"மாட்டேன்," என்றார் அவர்.

பக்கத்து மேஜைகளில் சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. சம்பந்தியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு யாருடையதோ ஒரு காலி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டென்று அவளுக்கு வயசு கூடிவிட்ட மாதிரி இருந்தது.

"எங்கப்பா ஊத்தினாரு," என்றாள். "ஒரு சொட்டு பாக்கி வைக்கல. முப்பத்தாறு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடக் கேக்காமப் போனதில்ல. போன் பண்ணி, வரலாமான்னு கேட்டுட்டுத்தான் போவேன். அவர் சாகறதுக்கு முந்தின வாரம்கூடக் கேட்டுட்டுத்தான் போனேன்."

ஜின்-லாய்க்குப் பேச வார்த்தை மிச்சம் இல்லை. அவர் தட்டிலிருந்து பெரிய இறாலாகப் பார்த்து எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார்.

மண்டபக் கதவு அப்போதுதான் படாரென்று திறந்தது. இன்னும் பத்து நிமிஷம் கழித்து, பாட்டோடும் புகையோடும் மாப்பிள்ளை கையைப் பிடித்து வர வேண்டிய பெய்-லிங், சிவப்பு உடுப்பின் முதுகு ஜிப்பு பாதி ஏறிய நிலையில் தனியாக நடந்து வந்தாள். கதவுச் சந்து வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பின்னால் ஒப்பனைக்காரி, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை. கண் மை கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. யாரும் துடைக்கத் துணியவில்லை.

"அப்பா, தண்ணியை என்ன பண்ணினீங்க?"

"செடிக்கு ஊத்தினேன்."

"எந்தச் செடிக்கு?"

"ஆரஞ்சுக்கு."

"காலையில மழை பேஞ்சிருக்கு. அதுக்குப் போய் ஒரு பேசின் தண்ணியா? அழுகிடாதா?" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க தள்ளி விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்ப்பா. காலையிலேர்ந்து அதையே நெனச்சுட்டிருந்தேன்."

ஜின்-லாய் அவள் தலைக்கிளிப்புகளில் கழன்று தொங்கிய ஒன்றை எடுத்து, திருகிப் பார்த்து, சரியான இடத்தில் செருகினார்.

"நாளைக்கு எட்டு மணிக்குக் கடை திறந்துடுவேன்," என்றார்.

மூன்றாம் நாள்தான் பெண் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது முறை. சுற்றியிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், ஒருத்தர் பாக்கியில்லாமல் சம்பந்தியம்மாவைப் பார்த்தார்கள். அவள் இறாலின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"ஏழரைக்கே அனுப்பி வைக்கறேன்," என்றாள். "திறக்கறப்ப கூட இருக்கட்டும்."